படிக்குப் படி உபயம்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சாமி குத்தம் நடந்துவிட்டது. அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் விசாரித்துப் பார்த்தால், குற்றவாளி ஒரு போட்டோ. அதுவும் என்ன போட்டோ? கருங்கல் படியின் போட்டோ!

முதலிலிருந்து சொல்கிறேன்.

லோகு என் மச்சினன். என் மனைவி கீதாவின் தம்பி. திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். என்னைப் ‘பாவா’ என்று கூப்பிடுவான். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷன் என்றால் பாவாதான். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. லாரிக்குச் செக்போஸ்ட் போடலாம், உறவுமுறைக்குப் போட முடியுமா?

சிலருக்குப் புறா வளர்ப்பது பொழுதுபோக்கு. சிலருக்கு மீன்தொட்டி. லோகுவுக்கு கம்ப்யூட்டரில் கேம் செய்வது. இதுவரை நாலைந்து கேம் ஆரம்பித்திருக்கிறான். முடித்தது? அதைக் கேட்கக்கூடாது. “ஆரம்பிக்கறது ஹாபி பாவா, முடிச்சா அது வேலை” என்பான். இதற்காகவே ஒரு லேப்டாப் வாங்கி வைத்திருக்கிறான். ஆன் செய்தால் மாவு மில் மாதிரி சத்தம் வரும். அதற்குள் எவ்வளவு ரேம் இருக்கிறது என்று, கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

அவன் அம்மா, அதாவது என் அத்தை, வருஷக் கடைசியில் வரும் படித்திருவிழாவை ஒருமுறைகூட விட்டதில்லை. திருத்தணி முருகன் மலையின் அடிவாரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஏறுவார். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. ஒரு படியைக்கூடத் தாண்டிப் போக மாட்டார். “அந்தப் படி இன்னா பாவம் பண்ணுச்சி?” என்பார்.

இந்தத் தடவை முட்டி ஆபரேஷன் ஆகிவிட்டது. இனிமேல் படிக்கட்டு பக்கமே தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“மேல வரைக்கும் ரோடு இருக்கே அத்தை, வண்டியில கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

“வண்டியில போய் எறங்க அது இன்னா பஸ் ஸ்டாண்டா மாப்ள?” என்று கேட்டார்.

அப்போதுதான் லோகு அந்த அறிவிப்பைச் செய்தான். அம்மாவுக்காக ஒரு கேம். போன் திரையில் நம் மலைப்படிகள். விரலால் தொட்டால் மஞ்சள், இன்னொரு தொடலில் குங்குமம், மூன்றாவதில் கற்பூரம். அப்புறம் அடுத்த படி. உச்சிக்குப் போனால் சன்னதி திறக்கும். படித்திருவிழா அன்றைக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்மா மலையேறிவிடலாம்!

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்டல் இல்லை, உண்மையாகவே. இவனுக்குள் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறானா என்று பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைக்கு ஆயுள் ஒரு வாரம். அதற்குள் அவன் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். போட்டதோடு நிற்கவில்லை. ‘விருப்பப்படும் சொந்தங்கள் பெயரைப் படியில் உபயம் என்று பொறிக்கலாம்’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தான்.

நம் ஜனங்களைப் பற்றித் தெரியாதா? கோயிலில் ஒரு டியூப்லைட் கொடுத்தால்கூட வெளிச்சம் வரும் இடத்தையெல்லாம் பெயரால் அடைக்கிற பரம்பரை. இங்கோ செலவே இல்லாத உபயம்... விடுவார்களா? குரூப்பில் வருஷக்கணக்காக ஒரு வணக்கம்கூடப் போடாதவர்கள் எல்லாம் உயிர்த்தெழுந்தார்கள்.

ஒருவருக்குச் சன்னதிக்குப் பக்கத்துப் படிதான் வேண்டும். இன்னொருவருக்குக் கீழ்ப்படி கூடாது, “எல்லாரும் மிதிச்சிகினு போவாங்க.” மேல்படியை மட்டும் என்ன, பறந்தா தாண்டுவார்கள்? பொதட்டூர்பேட்டை சின்னம்மா, தன் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை எல்லாரையும் ஒரே படியில் ஏற்றச் சொன்னார். நகரியிலிருந்து பெரிய மாமா, அதாவது அத்தையின் அண்ணன், நேரடியாகப் போனே போட்டுவிட்டார்.

“ஏமிரா லோகு! என் பேரு தெலுங்குலயும் வேணும், தமிழ்லயும் வேணும். தாய்மாமன்டா நான். போட்டோவும் போடு, அந்தப் பட்டு சட்டை போட்டுகினு எடுத்தது!”

இத்தனை பேரில் ஒரே ஒருவர்கூட, ‘அக்கா முட்டி எப்படி இருக்கு?’ என்று கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

லோகுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொருவருக்கும் அசல் படியே வேண்டும் என்று, மலையில் ஏறி, குனிந்து குனிந்து படி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படம் எடுத்தான். போன் கேமராவில் எது உச்சபட்சத் தரமோ அதில். மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, “இன்னா வேண்டுதல் தம்பி, குழந்தைக்கா?” என்று கேட்டாராம். “ஆங்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். விளக்கம் சொல்ல நேரம் ஆகும் அல்லவா?

அப்புறம் ஒவ்வொரு படத்திலும் பெயர்களை உளியால் செதுக்கியது போல எழுதினான். கலர் வேண்டியவர்களுக்குக் கலர். தங்க நிறம் கேட்டவர்களுக்குத் தங்க நிறம். உண்மையிலேயே அழகாக இருந்தது. லேப்டாப்பில் படிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. குரூப்பில் வீடியோ போட்டான். கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன.

விழாவுக்குச் சில நாள் முன்பு, கேமை அத்தையின் போனில் போட்டான். அது வீட்டில் மூன்று பேர் கை மாறி அவரிடம் வந்து சேர்ந்த பழைய போன். தொட்டால் யோசித்து, சம்மதம் இருந்தால் வேலை செய்யும்.

திறந்தான். திரை கறுத்தது. மூடிக்கொண்டது. மறுபடி திறந்தான். மறுபடி மூடிக்கொண்டது.

குரூப்பில் ஆலோசனை மழை பொழிந்தது. ‘போன்ல குப்பை நிறைய இருக்கும், அழிங்க’ என்றார்கள். கீதா உட்கார்ந்து காலை வணக்கப் படங்களையெல்லாம் அழித்தாள். ரோஜாப்பூக்கள் ஆயிரக்கணக்கில் உதிர்ந்தன. ஒரு பிரயோஜனமும் இல்லை. அலமாரியைக் காலி செய்தால் கூடத்தில் இடம் வந்துவிடுமா? படங்களைச் சேமித்து வைக்கும் இடம் வேறு, ஓடும்போது பரப்பி வைக்கும் இடமான ரேம் வேறு என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. கேம் செய்தவனுக்கும்தான்.

எல்லாப் படிகளையும் ஆரம்பத்திலேயே ஏற்றாமல், அம்மா ஏற ஏற ஒவ்வொன்றாகக் கொண்டு வருவது போல லோகு மாற்றினான். இப்போது திறந்தது! அத்தை குளித்து, விபூதி பூசிக்கொண்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். ஒத்திகைதான். ஆனால் அத்தைக்கு ஒத்திகை, நிஜம் என்று பேதமெல்லாம் கிடையாது. மஞ்சள், குங்குமம், கற்பூரம். “முருகா...” அடுத்த படி. மஞ்சள், குங்குமம், கற்பூரம்.

சரியாகப் பெரிய மாமாவின் படி வந்தது. தெலுங்கு, தமிழ், பட்டுச் சட்டை. அத்தை அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கற்பூரம் ஏற்றினார். அவ்வளவுதான். திரை ஒரு கணம் அசையாமல் நின்றது. கறுத்துப் போனது.

“எரிஞ்சிகினு இருக்க சொல்ல அப்டியே அணைஞ்சிடுச்சிடா...” என்றார் அத்தை. குரல் மாறிவிட்டது.

நாங்கள் புரிந்துகொள்வதற்குள் அவர் போனைப் புடவைத் தலைப்பால் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். “அவனே வாணாம்னு சொல்லிட்டான். பாதி வழியில கற்பூரத்த அணைச்சிட்டான். இன்னும் இன்னா வேணும்?”

அன்று மதியம் சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். முட்டி வலியில்கூட முனகாதவர், கூடத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை. முருகன் தன்னை மலையிலிருந்து தள்ளிவிட்டான் என்றே நம்பிவிட்டார்.

இந்த விஷயம் குரூப்புக்குப் போகாமல் இருக்குமா? போனது. ‘நகரி மாமா படியில்தான் நின்றதாம்’ என்று கால் முளைத்துப் போனது. மாமா மறுபடி போன் செய்தார்.

“ஏன்டா, என் படியில நின்னுபோச்சின்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறீங்களாமே! நான் இன்னாடா துரோகம் பண்ணேன் என் தங்கச்சிக்கு? அடுத்த படி யாருது? சின்னம்மாதுதானே? அதுல இருக்கும் தோஷம்!”

சின்னம்மா குரூப்பை விட்டு வெளியேறினார். அமெரிக்க மாப்பிள்ளையும் வெளியேறினார். ஒரு ரேம் பற்றாக்குறை, இரண்டு மாநிலங்களுக்கும் ஒரு கண்டத்துக்கும் இடையே குடும்பச் சண்டையாகிவிட்டது.

லோகு முகம் தொங்கிப் போய், கேம் செய்பவர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் தன் கஷ்டத்தை நீளமாக எழுதினான். முட்டி ஆபரேஷன் உட்பட. எங்கோ இருக்கும், முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டிருந்தார். இரண்டே வரி. ‘படத்தின் அகலம், உயரம், நாலு. மூன்றையும் பெருக்கிப் பார்த்தீர்களா?’

கணக்கு வாத்தியாரைப் பார்த்து, பெருக்கிப் பார்த்தாயா என்று கேள்வி!

பெருக்கினான். நாலாயிரம் புள்ளி அகலம், மூவாயிரம் புள்ளி உயரம். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைச் சொல்ல நாலு பைட். ஒரே ஒரு படி, ரேமில் நாற்பத்தெட்டு எம்.பி.! “ஃபைலு மூணு எம்.பி.தானே பாவா இருந்துச்சி...” என்று என்னிடம் பரிதாபமாகச் சொன்னான். ஃபைலில் இருப்பது சுருக்கி வைத்த படம். திரையில் காட்ட வேண்டுமானால் முழுவதும் பிரித்தாக வேண்டும். அதற்கு மேல் இன்னொரு கூத்து. அம்மா தாண்டிப் போன படிகளை இவன் ரேமிலிருந்து இறக்கவே இல்லை. அத்தனையும் உள்ளே உட்கார்ந்திருந்தன. மாமா வந்து உட்கார்ந்ததும் இடம் தீர்ந்துவிட்டது. மாமா மேல் தப்பில்லை. கடைசியாக வந்தவர், அவ்வளவுதான்.

“இவ்வளவு நாள் இதை ஏன்டா கவனிக்கல?” என்றேன்.

“என் லேப்டாப்புல ஓடிச்சி பாவா.”

இந்த நாட்டின் பாதி அநியாயத்துக்கு இதுதான் வாக்குமூலம் என்று எனக்குத் தோன்றியது. திட்டம் போடுகிறவர் மேசையில் எல்லாம் ஓடிவிடுகிறது. அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது, அவர் போனில் படிவம் திறக்கிறது, அவர் காலுக்குப் படி ஏற முடிகிறது. அப்புறம் நம் கையில் திறக்கவில்லை என்றால்? நம் போன் சரியில்லை. நம் விரல் சரியில்லை. அதுவும் இல்லையென்றால், நம் நேரம் சரியில்லை.

காரணம் தெரிந்துவிட்டது. இனி என்ன, அத்தையிடம் சொன்னால் தீர்ந்தது என்று நினைத்தேன். அங்கேதான் பெரிய சிக்கல்.

“அம்மா, சாமி ஒண்ணும் சொல்லலம்மா. நான்தான் கணக்கு தப்பா போட்டுட்டேன்” என்றான் லோகு.

அத்தை அவனை இரக்கத்தோடு பார்த்தார். “எனக்கோசரம் பொய் சொல்லாதடா. ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் கணக்கு சொல்லிக் குடுக்கற வாத்தியாரு. நீ போயி கணக்குல தப்பு பண்ணுவியா?”

தன்னை முருகன் கைவிட்டான் என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. தன் பிள்ளை முட்டாள் என்று நம்பத்தான் முடியவில்லை.

லோகு சுற்றுமுற்றும் பார்த்தான். நேராகப் போய் என் அலமாரியைத் திறந்தான். எனக்கு லுங்கி என்றால் பொதட்டூர்பேட்டை லுங்கிதான். மொத்தமாக வாங்கி மடித்து அடுக்கியிருப்பேன். ஒரே தட்டில் அத்தனையும் அடங்கியிருக்கும். முழு அடுக்கையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

“இந்தக் கூடம்தான்மா உன் போனு. இந்த லுங்கி ஒண்ணொண்ணும் ஒரு படி. மடிச்சி இருக்க சொல்ல எவ்ளோ எடம்? கொஞ்சூண்டு. இப்ப பாரு.” ஒன்றை உதறி விரித்தான். அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. சமையலறை வாசல் மறைந்தது. டி.வி. ஸ்டாண்டைத் தாண்டிப் போனது. கீதா சோபாவில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் லோகு நிற்க இடமில்லாமல், மூலையில் ஒற்றைக் காலில் நின்றான். கையில் இன்னும் பாதி லுங்கி.

“இப்டித்தான்மா எல்லாத்தையும் விரிச்சிட்டேன். ஒண்ணயும் மடிக்கல. எடம் இல்லாம போனு மூடிகிச்சி.”

அத்தை லுங்கிகளைப் பார்த்தார். ஒற்றைக்கால் பிள்ளையைப் பார்த்தார்.

“ஏன்டா மடிக்கல?”

“தோணலம்மா.”

“எவ்ளோ எடம் புடிக்கும்னு பெருக்கிக்கூடப் பாக்கலியா?”

“பாக்கல.”

“நெசமாவே?”

“நெசமாவேம்மா.”

அத்தை எழுந்து உட்கார்ந்தார். மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். “முருகா! உன்னப் போயி தப்பா நெனச்சிட்டேனே! என் புள்ளதான்பா மடையன்!”

அப்படி ஒரு மலர்ச்சி அந்த முகத்தில். “கீதா, இன்னா கொழம்புடி?” என்று உடனே கேட்டார். தன் மகன் மடையன் என்று தெரிந்து சந்தோஷத்தில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்ட தாயை நான் அன்றுதான் பார்த்தேன். லுங்கிகளை மடித்தது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான்.

அதற்கப்புறம் லோகு ஒழுங்காக வேலை செய்தான். ஒரே ஒரு கல். அத்தையின் போன் திரைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்குச் சுருக்கியது. அதையே எல்லாப் படிக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினான். கற்பூரச் சுடரும் ஒன்றுதான். குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் கேட்டால் ஏரியையே தூக்கி வர வேண்டியதில்லை என்று, இத்தனை வயதில் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

சரி, உபயதாரர்கள்? அவர்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. பெயரைப் படமாக வைத்தால்தான் பாரம், வெறும் எழுத்தாக எழுதினால் ஒன்றுமே இல்லை என்று கண்டுபிடித்திருந்தான். எல்லார் பெயரும் இருக்கும், ஆனால் ஒரே அளவு, ஒரே நிறம், போட்டோ கிடையாது என்று குரூப்பில் போட்டான்.

முதலில் பெரிய மாமா, “ஒரே அளவா? அப்போ எனுக்கும் அந்த மூணாவது வூட்டுக்காரனுக்கும் இன்னாடா வித்தியாசம்? என் பேர எடுத்துடு” என்றார். சின்னம்மா, “அவங்க பேரு இல்லாத எடத்துல எனக்கு மட்டும் எதுக்கு?” என்று சொல்லி அனுப்பினார். ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டார்கள். ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. நம் ஆட்களுக்குப் பெயர் இருப்பது முக்கியமில்லை. பக்கத்தில் இருப்பவன் பெயரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அது நடக்காதென்றால் பக்தியே வேண்டாம்!

படித்திருவிழா வந்தது. காலையிலேயே மலையிலிருந்து ஒலிபெருக்கியில் பாட்டு. தெருவில் பஜனைக் கோஷ்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அத்தை புதுப்புடவை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆரம்பித்தார். நாங்கள் சுற்றி நின்றோம். முன்பு மாமா பெயர் இருந்த படி வரும்போது எல்லாருமே மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கற்பூரம் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அடுத்த படி வந்தது. கீதா சத்தம் போட்டே அழுதுவிட்டாள்.

ஆனாலும் போன் கொதித்தது. மேலே போகப் போகத் திக்கியது, திணறியது. “எல்லாத்தையும் கொறச்சிட்டேனே பாவா, இன்னும் ஏன்?” என்று லோகு நகத்தைக் கடித்தான். அத்தை நிறுத்தவில்லை. கடைசிப் படி. கடைசிக் கற்பூரம். சன்னதிக் கதவு திறந்தது.

உள்ளே லோகு நின்றுகொண்டிருந்தான்.

கோட்டு, டை, கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு புன்சிரிப்பு. திரை முழுக்க. கீழே, ‘உருவாக்கம்: லோகநாதன், எம்.எஸ்சி., பி.எட்.’ எல்லாருடைய படத்தையும் குறைத்தவன், தன் படத்தை மட்டும் நாலாயிரம் புள்ளியிலேயே விட்டு வைத்திருக்கிறான். கேம் திறந்த நொடியில் ரேமில் ஏறி உட்கார்ந்தது, அத்தனை படியிலும் இறங்கவே இல்லை.

அத்தை போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனார். தள்ளிப் பிடித்தார். மறுபடி பக்கத்தில் கொண்டு போனார்.

“லோகு... கொஞ்சம் நவுருடா. சாமி தெரியல.”

யாரும் சிரிக்கவில்லை. லோகு போனை வாங்கிக்கொண்டு லேப்டாப்பின் முன்னால் போய் உட்கார்ந்தான். படத்தை எடுத்தான், பெயரை எடுத்தான், பட்டங்களையும் எடுத்தான். திரும்பப் போட்டுக் கொடுக்கும்போது, “மொதல்ல இருந்துதான்மா ஏறணும்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

“ஏறுனா போச்சி. முட்டியா வலிக்குது?” என்றார் அத்தை.

இரண்டாம் முறை போன் சுடவில்லை, திக்கவில்லை. பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே ஏறினார். கதவு திறந்தது. உள்ளே இப்போது முருகன் மட்டும். அத்தை வெகுநேரம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லோகு அவர் நாற்காலிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்கு மேலேயும் என் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாகத்தான் போடுகிறார்கள்... ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்!